உள்பக்கம் மடிக்காத கிரீடம்

எட்டு வயதில் எனக்கு ஒரு பெரிய ரகசியம் தெரிந்துவிட்டது. வீட்டில் என்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. கோழி எங்கே முட்டையிடுகிறது என்று பார்க்கக் கட்டிலுக்கு அடியில் கிடந்தேன். அப்பாவும் அம்மாவும் வந்து கட்டில்மேல் உட்கார்ந்தது அவர்கள் தப்பு.

"அக்கா ஞாயித்துக்கிழமை ரயில்ல வர்றா," என்றார் அப்பா. "வலுக்கட்டாயமா எதையும் தூக்கிட்டுப் போகமாட்டாளாம். தானா அவ மடிக்கு வர்ற பிள்ளையைத்தான் கேப்பாளாம். அழுதா விட்டுடுவாளாம்."

அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். கட்டில் கயிறு என் மூக்குக்கு மேலே முனகியது. பிறகு, "அப்ப வரட்டும், பாக்கலாம்," என்றாள்.

அத்தை எங்கள் தீவின் துறைமுகப் பட்டணத்தை ஒட்டிய ரோஷ் புவாவில் இருந்தாள். மாமா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தோம், மற்றது எதுவும் இல்லை. எஸ்டேட்டில் கரும்பு வெட்டுகிறவர்கள் கூலி கேட்டுக் கத்தியைக் கீழே போட்டபோது அப்பாவும் போட்டார். மற்றவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அப்பாவைக் கூப்பிடவில்லை. எஸ்டேட் கொடுத்த காம்ப் வீடும் போயிற்று. ஃப்ளாக் ஊருக்குப் பக்கத்தில் கரும்புச் சருகு வேய்ந்த ஒரு குடிசைக்கு வந்தோம். உலகச் சண்டைக் காலம் வேறு, கப்பலில் அரிசி வரவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. அம்மாவின் வயிற்றில் மூன்றாவது பிள்ளை.

ஆக, இருக்கிற இரண்டில் ஒன்று போகவேண்டும். நான் கணக்கில் சுமார்தான், ஆனாலும் போட்டுப் பார்த்தேன். ஒன்று மூன்று வயதுத் தங்கை. கோழிக்குஞ்சு கொத்துகிற அளவுதான் தின்பாள். இன்னொன்று நான். புத்தியுள்ள தகப்பன் எதைக் கொடுப்பான்?

ஊரில் பேச்சு வரக்கூடாது என்று அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். தங்கைக்குப் பிறந்தநாள் என்று சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவது. விளையாட்டோடு விளையாட்டாகக் காரியம் முடிந்துவிடும். அவள் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பிறந்தநாள் அவளுக்கு, பலி எனக்கு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பிறந்தநாள் விருந்தெல்லாம் எங்கள் ஜனங்களுக்குப் பழக்கமில்லை. ஆனால் அம்மா கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய பங்களாவில் நெனேன், அதாவது ஆயாவாக இருந்தவள். அங்கே வருஷத்துக்கு ஐந்தாறு விருந்து. வெறுங்கையால் என்னென்ன செய்யலாம் என்பது அவளுக்கு அத்துப்படி. சீனர் கடையில் பருப்பு மடித்துத் தருகிற நீலத் தாளைச் சேர்த்துவைத்து வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்தாள். மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசை. அதை நான் பாதி நக்கிவிட்டேன் என்பது தனிக் கதை. பப்பாளித் தண்டில் ஊதல், நூல் உருளையில் பம்பரம், இலவம்பஞ்சு அடைத்த ஒரு துணிப் பொம்மை. பழைய மாவுச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து ஒரு திரை. விருந்துக்கு உயிரே அந்தத் திரைதான். பிள்ளைகள் மூங்கில் குச்சியில் கட்டிய தூண்டிலைத் திரைக்கு மேலே வீசவேண்டும். பின்னால் ஒளிந்திருக்கிற ஒருவர் கொக்கியில் ஒரு பரிசைக் கட்டி நூலைச் சுண்டிவிட வேண்டும். மீன் மாட்டிவிட்டது! அந்த ஒளிந்திருக்கிற வேலை எனக்கு.

பிள்ளைகள் எல்லாருக்கும் நீலத் தாளில் கிரீடம் செய்தாள். விளிம்பைப் பசைவைத்து உள்பக்கமாக மடித்து, விரலால் நீவி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். பங்களாப் பழக்கம். தங்கையின் கிரீடத்தைக் கடைசியாகச் செய்தாள். அதுதான் பெரியது, அழகானது. ஆனால் அதன் விளிம்பை மட்டும் மடிக்கவில்லை. பசை காய்ந்து முள்முள்ளாக நின்றது.

ஞாயிறு காலையிலிருந்து நான் வேலையில் இறங்கினேன். திட்டம் இரண்டு. ஒன்று, என்னை யாரும் விரும்பாதபடி செய்துகொள்வது. நொண்டினேன், மாறுகண் போட்டேன், மூக்கைத் துடைக்காமல் விட்டேன். இரண்டு, தங்கையை எல்லாரும் விரும்பும்படி செய்வது.

இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அன்றைக்குப் பார்த்து அம்மாவுக்கு எதுவுமே சரிவரவில்லை. மத்தியானம் தங்கை தூங்கித் தூங்கி விழுந்தாள். அம்மா அவளைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தாள். தங்கை பசிக்கிறது என்று சிணுங்கினாள். "விருந்துல தின்னுக்கலாம்," என்றாள் அம்மா, முகத்தைப் பார்க்காமல். நான் பதறிவிட்டேன். இப்படி அழுமூஞ்சியாக இருந்தால் அத்தை இவளை எப்படி எடுப்பாள்? தப்பித்தவறிச் சிரித்த முகமாக இருப்பவன் நான் ஒருவன்தானே?

அம்மா எண்ணெய்ச் சட்டி வைத்த நேரம் பார்த்துத் தங்கையைப் பின்பக்க வாழை மரத்தடிக்குத் தூக்கிப் போனேன். சாக்கு விரித்துத் தட்டித் தூங்கவைத்தேன். எழுந்ததும், அதற்குள் அடுப்படியில் திருடிவந்த இரண்டு காத்தோ பத்தாத் ஊட்டினேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக்குள் தேங்காயும் சர்க்கரையும் வைத்துச் சோமாசிபோல் மடித்துப் பொரிப்பது. எதற்குப் பஞ்சம் வந்தாலும் அந்தத் தீவில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. கிரீடம் நெற்றியில் குத்துகிறது என்றாள். என் சட்டையின் வால்பக்கத்தைக் கிழித்து உள்ளே சுற்றிவைத்தேன். இத்தனைக்கும் நடுவில் நொண்டவும் வேண்டியிருந்தது.

அத்தை வந்தாள். சலவைச் சேலை, கையில் ஒரு டின் பால், ஒரு ரொட்டி. வந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையை மடிமேல் விரித்தாள், எடுத்தாள், மறுபடியும் விரித்தாள். உள்ளங்கைகளை அதில் துடைத்துக்கொண்டாள். எனக்கு அது பூச்சாண்டி கை தேய்ப்பதுபோல் இருந்தது.

"இவனுக்குக் கால்ல என்ன?" என்று கேட்டாள்.

"காலைல இடது கால். இப்ப வலது கால்," என்றார் அப்பா. "சாயங்காலத்துக்குள்ள கைக்கு ஏறிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டு, "வினி, மோ பேபி, வினி," என்று வரச்சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். நான் எனக்குத்தான் என்று நினைத்துத் திரைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டேன். தங்கை அசையவில்லை. அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூண்டில் ஆரம்பமாயிற்று. "மோ தூர்! மோ தூர்!" என்று ஆளாளுக்குத் தன் முறைக்குச் சண்டை. நான் ஊதல் கட்டினேன், பம்பரம் கட்டினேன். சாக்கில் இருந்த ஓட்டை வழியே பார்த்தால் அத்தையின் மடி வெறுமையாகவே இருந்தது. கடைசியாகத் தங்கையின் முறை. அவளுக்கென்று வைத்தது துணிப் பொம்மை. அன்றைக்கு என் மூளை வேலை செய்ததைப்போல் பிறகு எந்தப் பரீட்சையிலும் செய்யவில்லை. பொம்மையைக் கொக்கியில் கட்டாமல், திரைக்கு அடியில் தவழ்ந்துபோய் அத்தையின் மடியில் வைத்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். நான் வாயில் விரலை வைத்தேன்.

தங்கையின் கொக்கி வெறுமனே திரும்பிற்று. அவள் உதடு பிதுங்கியது. திரைக்குள்ளிருந்து நான் மீன் குரலில், "பொம்மை அத்தை மடியில!" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வயிறு நிறைந்திருந்தது, தூக்கம் தீர்ந்திருந்தது, நெற்றியில் எதுவும் குத்தவில்லை. சிரித்துக்கொண்டே ஓடிப்போய் அந்த மடியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தை அவள் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா தட்டோடு நின்றவள் அப்படியே நின்றாள். தட்டிலிருந்த காத்தோ ஒன்று உருண்டு கோழிக்குப் போயிற்று. எனக்கு அது மட்டும்தான் வருத்தம்.

சாயங்கால ரயிலில் தங்கை போனாள். பொம்மையை எடுத்துக்கொண்டாள், கிரீடத்தை மறந்துவிட்டாள்.

ரோஷ் புவாவில் அவள் நன்றாகத்தான் வளர்ந்தாள். பள்ளிக்கூடம் போனாள், செருப்புப் போட்டாள். அத்தையை அம்மா என்று கூப்பிட்டாள். அதனால் தீபாவளிக்கு வரும்போது எங்கள் அம்மாவை மாமி என்றாள். "அப்ப நான் உனக்கு அத்தான் ஆச்சே, மரியாதையா கூப்பிடு," என்று நான் ஒருமுறை நையாண்டி செய்தேன். யாரும் சிரிக்கவில்லை. அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

தீவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் என் மகளுக்கு நாலு வயது. கொடியின் நாலு நிறத்திலும் தாள் கடைகளில் தொங்கியது. நான் வாங்கிவந்து அவள் பிறந்தநாளுக்குக் கிரீடம் செய்ய உட்கார்ந்தேன். யாரும் சொல்லித்தராமலே என் விரல் விளிம்பை உள்பக்கமாக மடித்தது. நீவியது. கன்னத்தில் தேய்த்துப் பார்த்தது. அங்கேயே கை நின்றுவிட்டது.

நூறு கிரீடம் செய்தவள் ஒரு கிரீடத்தில் மட்டும் மறப்பாளா? தூங்காத பிள்ளை, பசித்த பிள்ளை, நெற்றி குத்துகிற பிள்ளை யார் மடிக்கும் போகாது. அழும். அழுதால் விட்டுவிடுவார்கள். அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாதவள், மாவும் பசையும் தாளும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் பேசியிருக்கிறாள். கேட்பதற்கு அம்மா இல்லை, முந்தைய வருஷம் போய்விட்டாள். மகள் என் தோளை உலுக்கி, "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை போன அன்றைக்கு, ரயிலடியிலிருந்து திரும்பியதும் அம்மா கிரீடத்தைத் தரையிலிருந்து எடுத்தாள். உள்ளே விரலை விட்டுத் துணியை வெளியே இழுத்தாள். அதைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"இதை யாரு வச்சது?"

"நான்தாம்மா. குத்துச்சாம். நீ மடிக்க மறந்துட்டே."

அம்மா அந்தத் துண்டுத் துணியை மடித்தாள், இன்னும் மடித்தாள், மடிக்க முடியாத அளவுக்கு மடித்தாள்.

"ஆமாடா," என்றாள். "மறந்துட்டேன்."

பிறகு மிச்சமிருந்த காத்தோக்களை எல்லாம் என் முன்னால் கொட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றேன். நொண்ட வேண்டிய அவசியம்கூட இனி இல்லை.