பூஜைக்குப் போய்வந்த ஷாஃப்ட்

"பேறுகாலத்துக்கு ஆஸ்பத்திரி எதுக்கு அண்ணாச்சி? உங்க வண்டியில ஏத்தி பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டினா போதும். பிள்ளை தன்னால எறங்கிரும்."

அக்காவின் மாமியார் இதைச் சொன்னது நாகர்கோவிலில், அப்பாவின் வேனிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு. திருவனந்தபுரத்துக்குக் கோயில் கும்பிட வந்த அந்த அத்தையை அப்பாதான் பெருமையாகக் கொண்டுபோய் விட்டார். பெருமை பைபாஸ் வரைதான். வேகம் எண்பதைத் தொட்டதும் வண்டிக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. எல்லார் கன்னமும் தனித்தனியாக ஆடியது.

அத்தை அதோடு விடவில்லை. "வளைகாப்பு முடிஞ்சதும் அவள எங்க கார்ல அனுப்பி வைக்கோம். இது வேண்டாம்."

அப்பாவுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று வெளியாட்களுக்குப் புரியாது. எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், சாலை பஜாருக்குப் பின்னால். அப்பா சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். ஊர்க்காரர்களையெல்லாம் பொன்முடிக்கும் கன்னியாகுமரிக்கும் பத்திரமாகக் கொண்டுபோகிறவர், பெற்ற மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிவர சம்பந்தி வீட்டுக் காரை எதிர்பார்ப்பதா? திரும்பி வரும் வழியெல்லாம் எழுபதைத் தாண்டவே இல்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு எம் வண்டியிலதான் வருவா. ஏட்டி, நீ மெக்கானிக்கல்தான படிச்ச? இது என்னத்துக்கு ஆடுதுன்னு சொல்லு பாப்போம்."

நான் மெக்கானிக்கல் படித்தது உண்மை. இப்போது ஐடி கம்பெனியில் ஜாவா தட்டுவதும் உண்மை. இரண்டாவதை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. நான் வியாழக்கிழமை லீவு போட்டேன்.

கரமனையில் எங்கள் மெக்கானிக் சேட்டன் ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருந்தார். "டயர் தன்னே. வேற ஒண்ணும் இல்லா."

நாலு டயரையும் பேலன்ஸ் செய்தோம். ஈஞ்சக்கல்லில் பைபாஸ் ஏறினோம். எண்பது. அதே காய்ச்சல்.

"ரிம்மு வளஞ்சிருக்கும்" என்றார் சேட்டன், அசராமல்.

"சேட்டா, சக்கரம் காரணம்னா நடுக்கம் மெதுவா, குதிக்கிற மாதிரி வரும். முன்சக்கரம்னா ஸ்டீயரிங் ஆடும். ஸ்டீயரிங் சும்மா இருக்கு. தரைதான் பொடிசா, வேகமா உறுமுது. அப்பா, எண்பதுல நியூட்ரல் போடுங்க."

அப்பா நியூட்ரல் போட்டார். இன்ஜின் சத்தம் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை. ஆக இன்ஜினும் தப்பித்தது. மிச்சம் இருப்பது ஷாஃப்ட்: கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான இரும்புக் குழாய். அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, போனைப் பின்சீட்டுக்கு அடியில் தரையோடு தரையாக வைத்தேன்.

"எந்தரு மோளே இது? வண்டிக்கு ஈசிஜியா?"

"ஆமா சேட்டா. ரிசல்ட் வந்ததும் ஆப்பரேஷன் உங்களுக்குத்தான்."

ரிசல்ட் அழகாக வந்தது. சக்கரம் சுற்றும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது நடுக்கம் இரண்டு முறை வருகிறது. எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் சுற்றுக்கு ஒன்றுதான் வரும். இரண்டு வந்தால் ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்டில் கோளாறு. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. சேட்டனுக்கு ரொம்பக் கோபம் வந்தது.

"கிராஸ் ரெண்டும் புதுசல்லே! ஆயுத பூஜை சமயத்துல ஞான் தன்னே மாத்தினது!"

"அப்போ வாங்க, அடியில போய்ப் பாக்கலாம்."

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்தோம். இந்த ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றின் பல் இன்னொன்றின் பல்லுக்குள் நுழையும். இரண்டு முனையிலும் கவட்டை மாதிரி ஒரு பிடி. முன்கவட்டை நேராக நின்றால் பின்கவட்டையும் அதே நேரில் நிற்க வேண்டும். இங்கே ஒன்று கிழக்கே பார்க்க, மற்றது தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தது.

"பல்லு மாத்தி மாட்டியிருக்கீங்க சேட்டா."

"மார்க்கு நோக்கித்தான் இட்டது!"

"எந்த மார்க்கு?"

"சுவப்பு மார்க்கு. ஞான் சாக்பீஸ்ல வரஞ்சத அழிச்சுட்டு அண்ணாச்சி புதுசா இட்டதல்லே?"

அப்பா குனிந்து எட்டிப் பார்த்தார். "நான் எங்கடே மார்க் போட்டேன்?"

டார்ச் அடித்தேன். ஒரு துண்டில் கிரீஸோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் குங்குமம். அதற்கு நேரே மறு துண்டில் இன்னும் கொஞ்சம் குங்குமம்.

எல்லாம் விளங்கிவிட்டது. கிராஸ் மாற்ற ஷாஃப்டைக் கழற்றிய அன்று பூஜைவைப்பு, தொழில் சாமான்களைச் சாமி முன்னால் வைத்துவிட்டு வேலையை நிறுத்தும் நாள். ஒர்க்‌ஷாப் மூடிவிட்டார்கள். ஆயுத பூஜைக்கு வண்டி வாசலில் இல்லாமல் அப்பாவால் இருக்க முடியாது. "வண்டி வராட்டா வண்டிக்குள்ளது வரட்டும்" என்று ஷாஃப்டை இரண்டு துண்டாக ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரியோடு சாமி முன்னால் வைக்கலாமா? மண்ணெண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்தார். சேட்டனின் சாக்பீஸ் கோடு அதோடு போச்சு. அம்மா ஆளுக்கொரு பொட்டு வைத்தாள், அரிவாள்மனைக்கும் என் லேப்டாப்புக்கும் வைத்த மாதிரியே. பூஜை முடிந்தபின் சேட்டன் பொட்டுக்கு நேரே பொட்டை வைத்து, பக்தியோடு மாட்டிவிட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் கேட்டது:

"நான் சாமிக்குப் பொட்டு வச்சேன். உங்க பல்சக்கரத்துக்கா வச்சேன்? பொட்டப் பாத்து வண்டி மாட்டுற ஆள இப்பத்தான் கேள்விப்படுதேன்!"

சேட்டன் ஸ்பேனரோடு மறுபடி அடியில் போனார். ஷாஃப்டை உருவி, சில பல் தள்ளி, கவட்டை இரண்டும் ஒரே நேரில் நிற்க மாட்டினார். பிறகு உளியை எடுத்து இரண்டு துண்டிலும் ஆழமாக ஒரு கொத்து கொத்தினார். "இது எந்த மண்ணெண்ணெய்க்கும் போகாது, அண்ணாச்சி."

சாயங்காலம் மறுபடி பைபாஸ். எண்பது. தொண்ணூறு.

"ஏட்டி, ஏதாவது கேக்குதா?"

"நீங்க கத்துறதுதான் கேக்குது."

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் வளைகாப்பு முடிந்து சாப்பிட்டாயிற்று. அத்தை வீட்டுக் கார் வாசலில் துடைத்துத் தயாராக நின்றது. அப்பா வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரி அண்ணாச்சி. நானும் கூட வாரேன். ஒரு ஆட்டம் ஆடிச்சுன்னாலும் அங்கனயே எறங்கி காரைக் கூப்பிட்டுருவேன், கேட்டியளா."

மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்தோம். அங்கே நல்ல பெயர் வாங்குவதில் பெருமை இல்லை. காரோடு என்ற ஊரைத் தாண்டியதும் பைபாஸ் விரிந்தது. அப்பா மிதித்தார். அறுபது. எழுபது. இந்தத் தடவை ஆப் தேவைப்படவில்லை. அக்காவின் இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். பொடி நடுக்கம் வந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். நான் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரியர்வியூ கண்ணாடியில் அப்பாவும் அதையேதான்.

எண்பது. வளையல் மூச்சு விடவில்லை.

பின்சீட்டிலிருந்து மட்டும் கரகரவென்று ஒரு உறுமல் கிளம்பியது. அப்பாவின் முகம் செத்துவிட்டது. காலை எடுத்தார். வேகம் குறைந்தது, உறுமல் குறையவில்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தை அக்காவின் தோளில் சாய்ந்து, வாய் திறந்து, குறட்டை.

"ஏட்டி" என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. "இதுக்கும் பல்லு மாத்தி வைக்க முடியுமாடி?"

அக்கா சிரிப்பை அடக்கியதில்தான் வளையல் ஆடியது.