முன்பக்கத்து விசிறி

பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் அந்த மனிதர், எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் ஒரு டிஷ்யூ தாளைக் கிழித்து விசிறியின் முன் பிடிப்பார். தாள் ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகிறது. பறந்தால் வெளியே வருகிறது. ஒல்லியான உடம்பு, சுத்தமாக வெட்டிய நகங்கள். அந்த நகங்களைப் பார்த்தே நான் அவரை நம்பினேன்.

என் கணினி சூடேறி, மொழிபெயர்ப்பு வேலையின் நடுவே அணைந்துவிடும். முன்பக்கம் பொருத்துவதற்கு நல்ல விசிறி ஒன்றை வாங்கி அவரிடம் கொடுத்தேன். ஒயர்களை ஓரமாகக் கட்டி, காற்றுக்கு வழிவிட்டு, பெட்டியை மூடித் தந்தார். சில நாளிலேயே கணினி மறுபடியும் அணைந்தது. சேமிக்காத பக்கங்கள் போயின. திறந்து பார்த்தேன். உள்ளே சுற்றியது மஞ்சளித்துப்போன பழைய விசிறி.

பெட்டியோடு போய் நின்றேன். அவர் மறுக்கவில்லை.

"உங்களோட விசிறி சுங்கை வேயில இருக்கிற ஒரு அக்கா கம்ப்யூட்டர்ல ஓடுது, அங்கிள். அவங்க பிளாட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும் லா. வீட்டுலதான் ஆபீஸ் வேலை, மெஷின் நின்னா வேலை போயிரும். உங்க ரூம்ல ஏர்கோன் இருக்கே, நீங்கதானே சொன்னீங்க."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே, தம்பி. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேட்டா யோசிப்பீங்க, அங்கிள்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வேறு கடையில் விசிறி மாற்றியாகிவிட்டது. கணினி இப்போது சூடேறுவதில்லை. நான் யோசித்திருப்பேன் என்பது உண்மைதான். ஆனால், யோசிக்க ஒரு வாய்ப்பே தராமல் அவர் என்னைப் பற்றி முடிவுகட்டிவிட்டது மனதில் இன்னும் ஆறவில்லை.