குளியலறையில் ஒரு கொடிக்கயிறு

இத்தாலி ஹோட்டல்களில் குளிக்கும் இடத்துக்கு மேலே தொங்கும் மெல்லிய கயிறு, துவைத்த உடுப்பைக் காயப்போடத்தான் என்று நான் நம்பினேன். இத்தனை வருடம் சுவிஸில் இருந்தவன் அப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். குளிக்கும்போதே பெனியனைக் கசக்கிப் பிழிந்துவிடுகிறவனுக்குக் கயிறு எங்கே தொங்கினாலும் அது கொடிதான்.

போனதே ஒரு பந்தயத்துக்காக. மனைவி இறந்த பிறகு டீட்டிகோன் ஊர் வீட்டில் நான் தனி. வேலைசெய்யும் பண்டகசாலையில் ஒருநாள் தலைசுற்றி விழுந்ததிலிருந்து, வீட்டை விட்டுவிட்டுத் தான் இருக்கும் பேர்ணுக்கு வரச்சொல்லி மகள் நெருக்கிக்கொண்டிருந்தாள்.

“தனிய விழுந்து கிடந்தா ஆருக்கப்பா தெரியும்?”

“எனக்குத் தெரியும்தானே, பிள்ளை.”

அவள் சிரிக்கவில்லை. நான் தனியாக இத்தாலிக்குப் போய், ஒரு சில்லெடுப்பும் கரைச்சலும் இல்லாமல் திரும்பிவந்தால் இனி வீட்டுக் கதையை எடுக்கக்கூடாது என்றேன். “சரி. ஆனா ஹோட்டல் நான்தான் புக் பண்ணுவன்” என்றாள்.

ஏரிக்கரையில் ஒரு சிறிய ஊர். படகில் எல்லாரும் சோடி சோடியாக இருந்தார்கள். ஒருவர் போனை என் கையில் தந்து, தன்னையும் மனைவியையும் படம் எடுக்கச் சொன்னார். அதைப் பார்த்து அடுத்த சோடி வந்தது. அன்று ஊர் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேரை நான்தான் படம் எடுத்தேன். என்னை நானே எடுத்ததில் என் நெற்றியும் கொஞ்சம் ஏரியும் விழுந்திருந்தன.

இரவுச் சாப்பாட்டுக்கு இருவர் மேசை தந்தார்கள். பரிமாறுகிறவர் எதிரே இருந்த தட்டை எடுத்தார், பிறகு முள்ளுக்கரண்டியை, பிறகு கிளாசை. கடைசியில் கதிரையையும் பக்கத்து மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு முன்னால் வெறும் சுவர். அணைந்திருந்த போனைக் காதில் வைத்து இரண்டுமுறை “ஓம், ஓம்” என்றேன். இறைச்சி வருமுன்பே எழும்பிவிட்டேன்.

அடுத்த நாள் இரவும் அந்த மேசைக்குப் போகப் பயந்து, காலைச் சாப்பாட்டில் இரண்டு பாண் உருண்டைகளைக் கடதாசியில் சுற்றி அறைக்குக் கொண்டுவந்தேன். பின்னேரம் குளித்து, பெனியனையும் சாரத்தையும் பிழிந்துகொண்டு கயிற்றைப் பிடித்தேன். எதிர்ச் சுவர் வரை நீளும் என்று நினைத்து இழுத்தேன். நீளவில்லை. பலமாக இழுத்து, துவாய் போடும் கம்பியில் முடிச்சுப் போட்டேன்.

அறையில் தொலைபேசி அடித்தது. இத்தாலியில் என்னை ஆருக்குத் தெரியும்? விட்டுவிட்டேன். பிறகு கதவைத் தட்டினார்கள். பிறகு இடித்தார்கள்.

அகதியாக வந்த காலத்தில் கதவை அப்படி இடிப்பது பொலிஸ் மட்டும்தான். என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்ததில் பாண்தான் அகப்பட்டது. இரண்டையும் தலையணைக்குக் கீழே ஒளித்தேன். பொலிஸ் என்றால் மகளுக்கும் அறிவிப்பார்கள், வீடு போச்சு.

திறப்புப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹோட்டல்காரப் பெண் உள்ளே வந்தாள். இடுப்பில் துவாயோடு நின்ற நான், சுவிஸில் நிரந்தரமாக இருக்கத் தந்த சி விசா அட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, எனக்குத் தெரிந்த இடொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், திரும்பத் திரும்பச் சொன்னேன்: “நான் வேலைக்கு வரவில்லை. லீவில் வந்தேன். காலையில் போய்விடுவேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். குளியலறைக்குள் போய் முடிச்சை அவிழ்த்தாள். சாரத்தை இன்னொருமுறை பிழிந்து ஹீட்டரில் விரித்தாள். கையிலிருந்த போனில் இத்தாலி மொழியும் இடொச்சும் கலந்து ஏதோ சொன்னாள். மேலிடத்துக்கு அறிக்கை போகிறது என்று நான் நினைத்தேன். அவள் போனபிறகு பாணை எடுத்துத் தின்றேன். நசுங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் டீட்டிகோனுக்கு வந்தாள். ஏரி, படகு, மூன்று வகைச் சாப்பாடு, பக்கத்து மேசைக்காரரோடு கதைத்துச் சிரித்தது என்று நான் அளந்துகொண்டே போனேன். முழுவதையும் கேட்டாள்.

“அப்பா, ஏன் துவாயோட நிண்டு விசா காட்டினனீங்கள்?”

நான் தேத்தண்ணீரை ஆற்றினேன்.

“அப்ப பேர்ணுக்கு வரத்தான் வேணுமோ?” என்றேன்.

“வேண்டாம். குளிக்கப் போக முதல் எனக்கு ஒருக்கா போன் எடுங்கோ. வெளியில வந்து ஒருக்கா எடுங்கோ.”

நடந்தது இதுதான். அது ஆபத்துக்கு உதவி கேட்கும் கயிறு. இழுத்ததும் கீழே மணி அடித்திருக்கிறது. நான் தொலைபேசியையும் எடுக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை என்றதும், புக் பண்ணியபோது கொடுத்த போன் இலக்கத்துக்கு அழைத்திருக்கிறார்கள். திறப்புப் போட்டுத் திறக்கச் சொன்னவள் மகள். கதவு திறந்ததிலிருந்து நான் சொன்ன அவ்வளவையும், நின்ற கோலத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதையும் அந்தப் போனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.