வெள்ளைக்காரன் பங்களாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மழை பெய்து ஓய்ந்த காட்டுக்குள், பல காலம் கூரையில்லாமல் கிடக்கும் செங்கல் சுவருக்கென்று ஒரு வாசம் உண்டு. பாசியும் சுண்ணாம்பும் மக்கிய இலையும் கலந்து தொண்டையில் லேசாகக் கசக்கும் வாசம். எனக்குப் பத்து வயதான ஆண்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே அந்த வாசம்தான். என் வகுப்புப் பிள்ளைகள் கடற்கரைக்கும் கடைகளுக்கும் போன ஞாயிறுகளில், அப்பாவும் அம்மாவும் நானும் எங்கள் தீவின் தண்ணிமலைப் பக்கமிருந்து கொடிமலைக்கு ஏறும் காட்டுப்பாதையில் நடந்து, பாதி மலையில் இடிந்து கிடந்த ஒரு வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதை எல்லாரும் "வெள்ளைக்காரன் பங்களா" என்றார்கள். எந்த வெள்ளைக்காரன் கட்டினான், ஏன் விட்டுவிட்டுப் போனான் என்பது நாங்கள் கேட்ட யாருக்கும் தெரியவில்லை.

இந்த நடையை ஆரம்பித்து வைத்தது ஒரு காலண்டர். அப்பா துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். ஏதோ ஒரு கப்பல் கம்பெனி அங்கே கொடுத்த அந்தக் காலண்டரை அவர் சுருட்டிக் கொண்டுவந்து எங்கள் சமையலறைச் சுவரில் மாட்டினார். மாதத்துக்கு ஒரு படம். மத்தியதரைக் கடலோரத்து மலைகள், பைன் மரக் காடுகள், அவற்றின் நடுவே உச்சி உடைந்து நிற்கும் கல்தூண்கள், அந்தத் தூண்களுக்கிடையே தொப்பி போட்ட பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி நடக்கும் தாய் தகப்பன்மார்.

"பாரேன், அந்த ஊர்ல குடும்பம் குடும்பமா மலையேறி, இடிஞ்ச கோயிலப் பாக்கப் போறாங்க. நாமளும் ஒரு நாள் போவோம்லா," என்றார் அப்பா.

"இங்க இடிஞ்சது பத்தாதா உங்களுக்கு?" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னாலிருந்த சந்தில், மாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா ஒழுகும் கூரையைச் சொல்கிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அப்பா சிரித்தார். அடுத்த ஞாயிறு எங்களை மலைக்கு அழைத்துப் போனார்.

முதல் சில வாரங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்பதை நான் மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன். விடிந்ததும் அப்பா மூன்று நாசி லெமாக் "பொங்குஸ்", இலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள், வாங்கி வருவார். பாதையின் முதல் ஏற்றத்திலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அப்பா பின்னால் போய் முதுகில் கை வைத்துத் தள்ளுவார். அம்மா "விடுங்க, ஆளுங்க வர்றாங்க" என்பார். பாதி வழியில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. வயதான சீனர்கள் சிலர் கீழிருந்து தண்ணீர் சுமந்து வந்து தேநீர் போட்டு, நடப்பவர் எவருக்கும் சும்மா கொடுப்பார்கள். அதைக் குடித்துவிட்டு இன்னும் அரை மணி நேரம் ஏறினால் பங்களா. முன்வாசல் வளைவும் இரண்டு சுவர்களும், ஒரு கணப்படுப்பும், எந்த மாடிக்கும் போய்ச் சேராத ஒரு கல் படிக்கட்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. சுவரைத் தழுவி ஒரு பெரிய மரம் வேர் இறக்கியிருந்தது. நாங்கள் அந்தக் கணப்படுப்பின் முன்னால் பழைய செய்தித்தாளை விரித்துப் பசியாறுவோம். அப்பா காலியான அறைகளைக் காட்டி, இது ஹால், இது நம்ம பெட்ரூம், இது உன்னுது என்று பங்கு பிரிப்பார்.

பிறகு அம்மாவின் அலுவலகம் செபராங் ஜெயாவுக்கு மாறியது. ஒவ்வொரு நாளும் ஃபெரி பிடித்து அக்கரைக்குப் போய், பஸ் மாறி, இருட்டும் நேரத்தில் களைத்து வருவார். அங்கேயே ஒரு தரைவீடு பார்த்துப் போய்விடலாம் என்றார். அப்பா பிறந்து வளர்ந்தது எங்கள் சந்தில்தான். அதை விட்டு வரமாட்டேன் என்றார். வீட்டைப் பற்றித் தொடங்கிய பேச்சு அவர் குடும்பம், இவர் குடும்பம் என்று எங்கெங்கோ போய், ஒரு நாள் முற்றாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் பேசியது என்னோடு மட்டும்தான்.

"அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது."

"அம்மாகிட்ட கேளு, கரண்ட் பில் எங்கன்னு."

கேட்க வேண்டியவர் இரண்டடி தள்ளித்தான் நிற்பார். இருந்தாலும் நான் திரும்பி அதே சொற்களை ஒரு தடவை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சோறு ஆறியே போகும். நடையை மட்டும் அவர்கள் விடவில்லை. யார் முதலில் நிறுத்துவது என்பதிலும் ஒரு வீம்பு இருந்திருக்கலாம். ஞாயிறு தோறும் அப்பா முன்னே, அம்மா பின்னே, நான் நடுவில். கொட்டகைத் தாத்தா ஒருவர் எங்களைப் பார்த்து மலாயில், "குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றார். நான் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனபின் ஒரு ஞாயிறு, பங்களாவில், நான் ஒளிந்துகொண்டேன்.

திட்டம் போட்டுச் செய்ததில்லை. அம்மா கைகழுவ ஓடைப் பக்கம் போயிருந்தார்; அப்பா வெளியே வளைவடியில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கல் படிக்கட்டுக்கு அடியில், ஒரு பிள்ளை குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழிவு இருந்தது. உள்ளே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இருவருக்கும் நடுவில் நிற்காமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் அப்பாதான் கூப்பிட்டார். "செல்வி!" பிறகு அம்மா ஓடையிலிருந்து, "செல்வீ!" இரண்டு குரலும் இரண்டு திசையிலிருந்து வந்து என் தலைக்கு மேலே சந்தித்தன. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது நடந்துவிட்டது.

"உன்கூட வரலையா?" என்றார் அப்பா.

"இல்லியே, உங்ககிட்டதான இருந்தா!"

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு மாதங்களில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தைகள் அவை. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் சுவரைச் சுற்றி ஓடினார்கள், மரத்தடியில் தேடினார்கள், மேல்பாதையில் ஏறிக் கத்தினார்கள். தூறல் ஆரம்பித்தது. "நீ அந்தப் பக்கம் தனியா போவாத, வழுக்கும். என் கையப் புடி," என்றார் அப்பா. "நீங்க கண்ணாடியத் தொடைங்க மொதல்ல, ஒண்ணும் தெரியாது உங்களுக்கு," என்றார் அம்மா. எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. காலில் ஓர் அட்டை ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது, அதைக்கூட நான் பிடுங்கவில்லை.

கடைசியில் அப்பா அழும் சத்தம் கேட்டது. பெரிய ஆள் அழுது நான் கேட்டதேயில்லை. பயந்து வெளியே வந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன், அவர் சேற்றில் மண்டியிட்டு என் தோள் இரண்டையும் பிடித்து, "எங்கம்மா போன?" என்றார். "தூங்கிட்டேன்," என்றேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ரத்தத்தைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது அவர்கள் இருவரும் மழையைப் பற்றியும் நனைந்த எனக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்பதைப் பற்றியும் நேராகவே பேசிக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி அன்றிரவு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் காலையில் அம்மா என்னிடம், "அப்பாகிட்ட சொல்லு, கோப்பி மேசையில இருக்கு," என்றார்.

அடுத்த பள்ளி விடுமுறையில் அம்மாவும் நானும் செபராங் ஜெயாவுக்குப் போய்விட்டோம். சனிக்கிழமைகளில் ஃபெரி இறங்கும் இடத்தில் அப்பா எனக்காகக் காத்திருப்பார். அவரோடு இரண்டு தடவை மலையேறினேன். இரண்டு தடவையும் கொட்டகையோடு திரும்பிவிட்டோம். பிறகு அதுவும் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் ஒளிந்திருந்தால் அவர்கள் பிரிந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணம் மட்டும் எனக்கு நிற்கவில்லை. யாரிடமும் அதைச் சொல்ல முடியவில்லை. படித்து, வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு வீடு வந்த பிறகும், காரணமில்லாமல் விழித்துக்கொள்ளும் விடியற்காலைகளில் அந்தப் படிக்கட்டுக்கு அடியில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிறு தனியாக மலையேறினேன். பாதைக்கு இப்போது கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள். கொட்டகையில் தேநீர் கொடுத்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியவில்லை. பங்களா இருந்த இடத்தில் மரம் விழுந்து, அதோடு சரிவும் பெயர்ந்து போயிருக்கிறது. வளைவு, சுவர், படிக்கட்டு எதுவும் இல்லை. இடுப்பளவு பெரணிச் செடிக்குள் நின்று, எது ஹால், எது என் அறை என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

அங்கிருந்து நேரே அம்மா வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவரிடம் மலையில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். பிறகு, "அன்னிக்கு நான் தூங்கலம்மா," என்றேன்.

"தெரியும்லா," என்றார் அம்மா. "உன் கால் சப்பாத்து அந்தப் படிக்கு அடியில வெள்ளையா தெரிஞ்சிச்சு. மொதல் சுத்துலயே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க?"

அவர் கத்தி நின்றது.

"உங்கப்பா என் கையப் புடிச்சிருந்தார்ல," என்றார்.

பிறகு, அந்த இடத்தில் ஒரு தடவைகூட நாம் படம் எடுத்துக்கொள்ளவில்லையே என்றார், ஆமாம் என்றேன். அவர் நகர்ந்து இடம் கொடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதிக் காய்களின் நுனியைக் கிள்ளிப் போட ஆரம்பித்தேன்.