ஏரிக்கரையில் பெரியப்பா நடந்த நடை

ஆவடிப் பக்கம் சாராயக்கடைகள் திறந்த புதிது. அந்த நேரம் பார்த்துத்தானா எங்கள் பெரியப்பா அடிக்கடி விழ வேண்டும்? அதுவும் மற்றவர்களைப் போல முன்னால் விழமாட்டார். நின்றுகொண்டிருப்பவர் அப்படியே மல்லாந்து சாய்வார். சாப்பிடும்போது தட்டைப் பார்க்கமாட்டார். குழம்பு சட்டையில் வழியும். எதிரே உட்கார்ந்திருக்கும் என் தலைக்கு மேலே எங்கோ பார்வை நிற்கும். எனக்கு அது திமிராகத் தெரிந்தது. தெருவுக்குப் போதையாகத் தெரிந்தது.

"இன்னாப்பா, உங்க அண்ணன் பட்டப்பகல்லயே ஏத்திகினு வர்றாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டேவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணனிடம் நேரில் கேட்க வாயும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

"பெரியப்பா பின்னாடியே போ. எந்தக் கடைக்குள்ள பூர்றாருன்னு பாத்துக்கினு வா."

நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் கிடைக்குமா? மரத்துக்கு மரம் ஒளிந்து போனேன். அவர் எந்தக் கடைக்கும் போகவில்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, குச்சியால் மண்ணில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பின்னந்தலையைக் கையால் அழுத்திக் குனியவைத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேல் நடந்தார். நாலடி. பொத்தென்று மல்லாந்தார். எழுந்து மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் முறை விழுந்தபோது எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

ஓடிப்போய்க் கை கொடுத்தேன். வாயை மோந்து பார்த்தேன். வெறும் வெற்றிலை வாசனை.

"இன்னா வெளாட்டு பெரியப்பா இது?"

"வெளாட்டு இல்ல கண்ணு. நடந்து பழகிக்கினு கீறேன். கண்ணு கீழ எறங்க மாட்டேங்குது, காலு எங்க கீதுன்னே தெரியல. ஊட்ல சொல்லாத. உங்கப்பன் பயந்துக்குவான்."

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். சொன்னது மட்டுமா, கூடத்தில் நடந்து, விழுந்து, நடித்தே காட்டினேன். அப்பா பாதிச் சோற்றில் கை கழுவினார். வாசலில் வந்துகொண்டிருந்த பெரியப்பாவின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லக் கூடாதாண்ணா?" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ முறை அலைந்தார்கள். மூளைக்குள் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாகக் கருகுகிறது, மருந்து கிடையாது என்று கடைசியில் ஒரு டாக்டர் சொன்னார். நான் எட்டாம் வகுப்புக்குப் போகுமுன் பெரியப்பா போய்விட்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, என் நடிப்புக்கு ஒருவரும் சிரிக்கவில்லை என்ற கோபத்தில் நான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பெரியப்பா குடிகாரர் இல்லை என்று நல்ல சேதிதானே கொண்டுவந்தேன், அதற்குப் போய் அப்பா ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.