கதாநாயகனுக்குப் பதிலாக நின்றவர்கள்

துபாயில் படமெடுக்க வரும் கதாநாயகர்களுக்குப் பதிலாக நிற்பதுதான் மூன்று வருடம் என் பிழைப்பு. விளக்கும் கேமராவும் சரியாகும் வரை அவர்கள் ஏ.சி. வேனுக்குள் இருப்பார்கள், நான் வெயிலில் நிற்பேன். எம்.ஏ. படித்தவன் என்பதால், நின்றபடியே வசனங்களைப் பற்றி அபிப்பிராயமும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். ஷார்ஜாவில் என்னோடு அறையில் தங்கியிருந்த, என் உயரமே இருந்த கம்பி கட்டும் தொழிலாளியை அனுப்பினேன்; வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. மறுவாரம் நான் போனதும் கேமராமேன் கேட்டார்.

“அந்த அண்ணன் வரலியா சார்? நீங்க ஆடிக்கிட்டே இருப்பீங்க. அவரு நட்ட கம்பம் மாதிரி நின்னாரு.”

அதன்பின் அழைப்பெல்லாம் அவருக்கே வந்தது. “சும்மா நிக்கிறதுக்குப் போயி பிரியாணி போடுறாங்கண்ணே!” என்று சிரிப்பார்.

விசா கொடுத்த முதலாளியான கஃபீலைத் தவிர வேறு யாரிடமும் வேலை செய்யக் கூடாது என்பது அங்கே சட்டம். நானும் அதை மீறியவன்தான். இருந்தும் அவருடைய கம்பெனிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமைகளில் அவர் எங்கே போகிறார் என்று சொன்னேன். என் பெயரைச் சொல்லவில்லை. பத்தே நாளில் அவர் விசா கேன்சல் ஆனது.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். “எவனோ போட்டுக் குடுத்துட்டாண்ணே. நீங்க அந்த வேலைய விட்றாதீங்க. நல்ல வேலை.”

நான் விடவில்லை. அடுத்த வெள்ளி புஜைரா கடற்கரையில் போய் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

“இப்பதான் சார் சரியா நிக்கிறீங்க” என்றார் கேமராமேன்.