கொசுறாகக் கிடைத்த கல்லூரி

பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டுப் போன புதிது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்ற என் அம்மா, அண்ணனைச் சேர்க்க ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனாள். பரீட்சையில் ஒரு தடவை தவறியதால் அண்ணனும் என்னோடுதான் பள்ளியை முடித்திருந்தான். நான் சும்மா துணைக்குப் போனேன்.

முதல்வர் ஆசையாக விளக்கினார். "சின்ன காலேஜும்மா. ஒவ்வொரு பிள்ளையையும் வாத்தியாருங்க பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. கணக்குப் படிக்கிறவனும் கவிதை படிப்பான், பாட்டும் கத்துக்குவான்."

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி சாமி, கொசுறு என்னா குடுப்பீங்க?" என்றாள்.

எனக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அம்மா விடவில்லை. "பையனுக்கு எடம் வாங்குறேன் இல்ல? கொசுறா இந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு போடுங்க. பெஞ்சு சும்மாத்தானே கெடக்கு?"

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "நீ என்னம்மா படிக்க ஆசைப்படுற?" என்றார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"எல்லாந்தாங்க" என்றேன்.

அண்ணன் ஒரே மாதத்தில் கல்லூரியை விட்டு ஓடிவந்துவிட்டான். பிற்காலத்தில் எனக்கு எத்தனையோ பாராட்டுகள் கிடைத்தன. ஆனால் நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா மார்க்கெட் முழுக்கச் சொல்லித் திரிந்ததற்கு எதுவும் ஈடில்லை:

"வாங்குன மீனு கெட்டுப்போச்சு. கொசுறுதான் கொழம்புக்கு ஆச்சு!"